மதியத்து எலிகள்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு நிம்மதியாக எழுதலாம் என்று நினைத்தேன். நிம்மதி வரவில்லை. வரி இருக்கட்டும்.

திருடிய இடம் என் வீட்டுச் சமையலறை. பறிகொடுத்தவள் என் நாத்தனார், என் கணவரின் தங்கை. அவர் போன பிறகு நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். மாலையில் அவள் பீன்ஸ் நறுக்குவாள், நான் நார் உரிப்பேன். நறுக்கிக்கொண்டே அவள் அன்றைய வேலையைச் சொல்வாள். ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எலிக்கூடம் அவள் பொறுப்பு. இருபத்தாறு வருடமாகக் கூண்டுகளில் மரத்தூள் மாற்றி, தீனி வைத்து, வால் நுனியில் எண் எழுதி வருகிறாள். அங்கே எல்லோரும் அவளை எலியம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு வேறு பெயர் உண்டு என்பது சம்பளம் போடுகிற பிரிவுக்கு மட்டும் தெரியும்.

எனக்குக் கதை காட்சியாக வராது. பேச்சாகத்தான் வரும். யாராவது யாரிடமாவது ஏதாவது சொன்னால் அங்கே ஒரு கதை இருக்கிறது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் எனக்கு அது வெறும் சுவர். இந்தக் குறையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடக்கப்போகிற கேட்டுக்கெல்லாம் இதுதான் காரணம்.

எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக முயன்றேன்.

[முதல் தொடக்கம்: "நினைவு என்பது மழை நின்ற மாலையில் எழும் மண்வாசனையைப் போல"] இந்த இடத்தில் என் கையை நானே தட்டிவிட்டேன். நினைவைப் பற்றி எழுத உட்கார்ந்த எவரும் மண்வாசனையைத் தாண்டி வந்ததில்லை. அவர்களுடைய மூளையில் ஒரே ஒரு மழைதான் பெய்திருக்கும் போல.

[இரண்டாவது தொடக்கம்: "மனித மூளையில் ஏறத்தாழ எட்டாயிரத்து அறுநூறு கோடி நரம்பணுக்கள்"] இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடும்போது அதில் ஒன்றாவது எழுந்து வந்து பதில் சொல்கிறதா?

[மூன்றாவது தொடக்கம்: "பாட்டில் மதியமும் வேணும் சார்," என்றாள் எலியம்மா.]

இதுதான் சரி. ஆனால் இதற்குப் போவதற்கு முன் அந்த சார் யாரென்று சொல்லியாக வேண்டும்.

2

அவர் பேராசிரியர். மூளையில் நினைவு எப்படி ஆண்டுக்கணக்கில் தங்குகிறது என்பதை மூலக்கூறு மட்டத்தில் ஆராய்கிறவர். ஒருமுறை பொதுமக்களுக்காக அவர் பேசினார். நாத்தனார் என்னையும் அழைத்துப்போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம், திரையில் நூற்றுப்பத்துப் படங்கள் பார்த்தோம். அதை நான் இரண்டு பத்தியில் சொல்லிவிடுகிறேன். அவரால் முடியாதது என்று பீற்றிக்கொள்வதற்காகத்தான்.

நரம்பணுவும் நரம்பணுவும் தொட்டுக்கொள்ளும் இடுக்கில் நினைவு உட்கார்ந்திருக்கிறது. அந்த இடுக்கைக் கட்டி நிறுத்துவது புரதங்கள். புரதமோ சில நாளில், மிஞ்சிப்போனால் சில வாரத்தில் கரைந்துவிடும். ஆள் கரைந்துபோன பிறகும் வேலை எப்படி நாற்பது வருடம் நடக்கிறது? ஆஸ்பத்திரி வாசலில் ஷிப்ட் மாறும் காவலாளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். போகிறவன் வருகிறவனிடம், "இந்தக் கதவை மூட விட்றாத," என்று சொல்லிவிட்டுப் போகிறான். ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது, கதவு திறந்தே இருக்கிறது. அந்தக் காவலாளி இன்ன மூலக்கூறுதான் என்றும், அதன் வாயை அடைக்கத் தன்னிடம் ஒரு மருந்து இருக்கிறது என்றும், ஊசி போட்டால் ஒரு மாதத்துப் பழைய பயம்கூட எலியின் மூளையிலிருந்து துடைத்தாற்போல் போய்விடுகிறது என்றும் பேராசிரியர் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். ஒரு நினைவை எடுத்துப் பார்க்கும்போது அது இளகிவிடுமாம், புதிதாகப் பூசிய சிமெண்டுபோல. மறுபடி இறுகுவதற்குப் புதுப் புரதம் வேண்டும். இறுகுவதற்குள் யார் கால் வைத்தாலும் அந்தத் தடமும் சேர்ந்து பதிந்துவிடும். பிறகு எது பழைய தரை, எது புதுத் தடம் என்று அந்த நினைவுக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது.*

முடிவில் நன்றி சொன்னார். நிதி கொடுத்தவர்களுக்கு, மனைவிக்கு, தன்னுடைய நாய்க்கு. அந்த எலிகளை இருபத்தாறு வருடமாக வளர்த்தவள் கடைசி வரிசையில் இருந்தாள். அவளும் கைதட்டினாள். நான் தட்டவில்லை.

(* இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது சரி. அதற்கு ஆதாரம் எலியிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது. நான்காம் பகுதியில் வரும்.)

3

இனி அவள் வேலை. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால் கதை விளங்காது. ஆகவே பக்கத்தைத் தள்ளுகிற வழக்கம் உள்ளவர்கள் இங்கே மட்டும் தள்ள வேண்டாம்.

ஒரு பெட்டி. அடியில் கம்பித் தரை. காலை நேரத்தில் எலியை உள்ளே விட்டுக் காலில் லேசான மின்னதிர்ச்சி கொடுப்பார்கள். ஒருமுறை போதும். ஒரு மாதம் கழித்து அதே பெட்டியில் சும்மா விட்டாலும், அந்த இடம் நினைவிருக்கிற எலி உறைந்து நிற்கும். மீசைகூட அசையாது, மூச்சு மட்டும் ஓடும். நினைவில்லாத எலி ஊர் சுற்ற வந்ததுபோலப் பெட்டியை மோந்துகொண்டு திரியும்.

பாதி எலிகளுக்கு வெறும் உப்புநீர் ஊசி, பாதிக்கு மருந்து. உப்புநீர் எலிகளைக் காலையில் சோதிப்பது, மருந்து எலிகளை மதியத்தில் சோதிப்பது என்பது பேராசிரியர் போட்ட முறை. கலந்து செய்தால் இவர்கள் குழப்பிவிடுவார்களாம். இவர்கள் என்றால் எலியம்மாவும் ஆராய்ச்சி மாணவியும். மாணவி ஊசி போடுவாள், பிறகு அடுத்த அறையில் திரையைப் பார்த்து எலி எத்தனை நொடி உறைந்தது என்று குறிப்பாள். எலியைப் பெட்டியில் விடுவதும், எடுப்பதும், ஒவ்வொரு எலிக்குப் பின்னும் பெட்டியைத் துடைப்பதும் எலியம்மா.

துடைப்பது ஸ்பிரிட்டால். ஒரே ஒரு தெளிப்புப் புட்டி. மீதி ஸ்பிரிட் இருக்கிற கேன் அலமாரிக்குள், அலமாரிச் சாவி பேராசிரியரிடம். அவர் கிருமிக்குப் பயந்தவர். மதியம் பன்னிரண்டானால் வந்து புட்டியைத் தன் அறைக்கு எடுத்துப்போவார். மேசை, நாற்காலிக் கை, தொலைபேசி, கதவுப் பிடி எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். சாப்பிட்டபின் இன்னொரு சுற்று. புட்டி திரும்ப மாலையாகிவிடும்.

மதியத்து எலிகளுக்கு எலியம்மா தரை கழுவுகிற இளஞ்சிவப்புத் திரவத்தைத் தண்ணீரில் கலந்து துடைத்தாள். பெட்டி பளிச்சென்று இருந்தது. எலுமிச்சை மணத்தது. அவளுக்குப் பெருமைகூட.

புரிகிறதா? எலிக்கு இடம் என்பது மூக்கில் இருக்கிறது. ஸ்பிரிட் நாறுகிற பெட்டியில் அடி வாங்கிய எலியை, எலுமிச்சை மணக்கிற பெட்டியில் விட்டால், அது வேறு வீடு என்றுதான் நினைக்கும். திரியாமல் என்ன செய்யும்? மதியத்து எலிகள் மறந்துபோயின என்று உலகமே நம்பியது. இரண்டு வருடம், அறுபத்து நான்கு எலிகள், ஒரு விருது.

4

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு மாலை நாத்தனார் பீன்ஸ் நறுக்கியபடி சொன்னது இவ்வளவுதான்: இன்றைக்கு சார் அறைக்குப் போனேன், பாட்டில் மதியமும் வேண்டும், அந்தப் பிங்க் தண்ணிக்கு வாசனை வேறயா இருக்கு என்று சொன்னேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை, போனில் இருந்தார், நான் வந்துவிட்டேன்.

நான் அன்றே அதை எழுதினேன். பெரிய வஞ்சமெல்லாம் இல்லை. மூளை விஞ்ஞானி தன் மேசையைத் துடைப்பதற்காகத் துடைப்புப் புட்டியைக் கடத்திக்கொண்டு போகிறார் என்பது எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் "அவர் ஒன்றும் சொல்லவில்லை" என்கிற வரியில் என் காது இடறியது. நான்தான் சொன்னேனே, பேச்சில்லாத இடம் எனக்குச் சுவர். சுவரில் ஒரு வசனத்தை ஆணியடித்தேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "எலியோட மூக்கு நமக்கு எதுக்கும்மா? மூளைதான் வேணும்."

நல்ல வசனம். இப்போதும் சொல்கிறேன், நல்ல வசனம். நாத்தனாருக்கு வாசித்துக் காட்டினேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அடுத்த வாரம் விருந்தாளி ஒருவர் வந்தபோது அவளே அதை, கண்ணாடி துடைக்கிற அபிநயத்தோடு, நடித்துக் காட்டினாள். ஈரச் சிமெண்டில் நான் செருப்புக் காலோடு நடந்திருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றினால்தான் நான் புத்திசாலியாகிவிடுவேனே.

அந்தப் படியை எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. கிழித்துப் போட்டேன். நான் பழைய படிகளை வைத்துக்கொள்வதில்லை. பின்னால் வருகிறவர்கள் ஆராய்ந்துவிடுவார்கள் என்கிற பயமாம். என் அடித்தல் திருத்தல்களை ஆராய ஒரு கூட்டமே வரிசையில் நிற்கிறது பாருங்கள்.

5

வேறு இரண்டு ஊர்களில் இரண்டு ஆய்வுக்கூடங்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தன. அங்கே ஸ்பிரிட்டுக்குப் பஞ்சமில்லை போலும். மருந்து எலிகளும் உறைந்து நின்றன. பயம் அழியவே இல்லை. கடிதங்கள் வந்தன. பேராசிரியர் ஒரே இரவில் நாலு பக்கம் பதில் எழுதினார். சாரம் இது: என் முறை சரி, மருந்து சரி, நொடிகளைக் குறித்தவள் என் மாணவி, அவள் எனக்குப் பிடித்த மாதிரி எண்களைப் போட்டிருக்கிறாள்.

காணொளிப் பதிவு இல்லையா என்பீர்கள். இருந்தது. இடம் நிறைந்ததும் பழையதை அழித்துவிட்டு அதன்மேலேயே புதியதைப் பதிகிற இயந்திரம் அது. நினைவை ஆராய்கிற கூடத்தில் அதைத்தான் வாங்கிப் போட்டிருந்தார்கள்.

மூன்று பேர் விசாரணைக் குழு அமைந்தது. மாணவியின் ஐந்து வருட வேலை, பட்டம், இனி எந்தக் கூடத்திலும் கால் வைக்க முடியுமா என்பது, எல்லாம் அந்த மூவரின் மேசைக்குப் போனது.

[இங்கே என் சந்தேகம் ஒன்றை எழுதி வைக்கிறேன். இந்த மாணவியை எனக்கு நம்பத் தோன்றவில்லை. மிக நல்லவளாக வருகிறாள். நல்லவர்கள் என் காதில் சரியாக விழுவதில்லை. நொடிக்கணக்கை அவள் கொஞ்சம் தட்டிக் கொட்டியிருந்தால் என்ன? மாட்டாள் என்று நாத்தனார் சத்தியம் செய்கிறாள். நாத்தனாரின் சத்தியம் என்ன தரத்தில் இருக்கிறது என்பதை அடுத்த பகுதியில் பார்க்கப்போகிறீர்கள்.]

மாணவி தன் சாமான்களைக் கட்ட எலிக்கூடத்துக்கு வந்த அன்று நடந்ததை எலியம்மா எனக்கு அன்று மாலையே சொன்னாள். இதில் என் கை படவில்லை. சொன்னபடியே தருகிறேன், இந்த முறை ஒழுங்காக.

மாணவி அழவில்லை. பேனாக்களை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஊர்களில் எல்லாவற்றையும் நாம் செய்த மாதிரியே செய்திருக்கிறார்கள், பெட்டியின் அளவுகூட அதேதான் என்று தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னாள். எலியம்மா அப்போது தரை கழுவிக்கொண்டிருந்தாள். மாணவி திடீரென்று நிமிர்ந்தாள். காற்றை மோந்தாள்.

"அக்கா, பெட்டிய எதாலத் துடைப்பீங்க?"

"ஸ்பிரிட்."

"மதியமும்?"

"மதியம் பாட்டில் சார் ரூம்ல இருக்கும்ல. இதாலத்தான்."

மாணவி வந்து அந்த வாளிக்கு மேல் குனிந்து மோந்து பார்த்தாள். பிறகு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எலியம்மாவுக்கு முதலில் கோபம்தான் வந்ததாம், இப்போதுதானே துடைத்தேன் என்று.

மாணவி விளக்கிச் சொல்லச் சொல்ல எலியம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எண்ணிப்பார்த்தாள். அறுபத்து நான்கு எலிகள். அதில் முப்பத்திரண்டு அவள் கையால் பாழ். ஓய்வுபெறப் பதினான்கு மாதம் இருந்தது. மாணவி அவளைத் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டாள்: "இதை யார்கிட்டயாவது அப்பவே சொன்னீங்களாக்கா?"

"சொன்னேனே. சார்கிட்டயே சொன்னேன்."

6

மாணவி அதை எழுதிக்கொடுக்க, குழு எலியம்மாவை வியாழக்கிழமை சாட்சி சொல்ல வரச் சொன்னது. திங்கட்கிழமை மாலை அவள் என்னிடம் ஒத்திகை பார்த்தாள். பீன்ஸ் இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சார் அறைக்குப் போனேன், பாட்டில் மதியமும் வேண்டும் என்று சொன்னேன் என்றாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு கை கண்ணுக்குப் போனது. இல்லாத கண்ணாடியைக் கழற்றியது.

"எலியோட மூக்கு நமக்கு எதுக்கும்மா, மூளைதான் வேணும்னு சொன்னாரு. அதையும் சொல்லிடறேன் அண்ணி. அது ஒண்ணு போதும் அவருக்கு."

அவள் நடிக்கவில்லை. அவளுக்கு அது கேட்டிருக்கிறது, அவர் குரலில்.

எழுதுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சொற்களுக்கு வலிமை உண்டு, எழுத்து மனிதர்களை மாற்றும் என்றெல்லாம் மேடையில் சொல்லுவோம். நாற்பது வருடத்தில் என் எழுத்து ஒரே ஒரு மூளையை நிஜமாக மாற்றியிருக்கிறது. அதுவும் சாட்சி சொல்லப் போகிற மூளையை. இதற்கு மாலை போடுவார்களா?

செவ்வாய்க்கிழமை முழுவதும் சும்மா இருந்துவிடலாமா என்று யோசித்தேன். சொல்லட்டுமே. அவர் சொல்லியிருக்கக்கூடியதுதானே? ஆளை ஒரு தரம் பார்த்தாலே தெரியும், சொல்லக்கூடியவர்தான். [சொல்லக்கூடியவர் என்பதும் சொன்னார் என்பதும்] இந்த வாக்கியத்தை முடித்தால் நான் யோக்கியமாகிவிடுவேன். விட்டுவிடுகிறேன்.

யோக்கியத்தால் அல்ல, பயத்தால்தான் புதன்கிழமை காலை வாயைத் திறந்தேன். எதிரே உட்காரப்போகிறவர் யார்? எடுத்துப் பார்க்கிற நினைவு இளகும், இளகினதில் எதுவும் பதியும் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவர். இந்தம்மா இதை எத்தனை பேரிடம், எத்தனை முறை சொல்லியிருக்கிறார் என்று அவர் நிதானமாக ஒரு கேள்வி கேட்டால் போதும். மூக்கும் மூளையும் உதிரும்போது கூடவே புட்டியும் வாளியும் உதிர்ந்துவிடும். மாணவியைக் காப்பாற்ற இருவரும் சேர்ந்து கட்டின கதை என்பார். அவருடைய மருந்தால் அழிக்க முடியாததை அவருடைய விளக்கம் அழித்துவிடும்.

7

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மூக்கு, மூளை வசனம் நான் எழுதினது," என்றேன்.

"அவர் சொன்னதைத்தானே எழுதினீங்க."

"அவர் சொல்லல. போன்ல இருந்தாரு, ஒண்ணும் சொல்லலன்னுதான் நீ அன்னைக்கு வந்து சொன்ன."

"நான் பாத்தேன் அண்ணி. கண்ணாடியக் கழட்டித் துடைச்சிக்கிட்டே சொன்னாரு."

"கண்ணாடியும் நான்தான்."

"ஏன், அவர் கண்ணாடி போடறவர்தானே?"

"போடறது அவரு. துடைச்சது நான்."

மடித்துக்கொண்டிருந்த சட்டையை அவள் விரித்தாள். மறுபடி மடித்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கேட்டது வேறு.

"அப்ப நான் அவர் ரூமுக்குப் போய்ச் சொன்னதாவது நெசமா? இல்ல, அதுவும் நீங்க எழுதினதா?"

"அது நீ சொன்னது."

"நல்லாத் தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். கிழித்துப்போட்ட அந்தப் படியில் அவள் பேராசிரியரின் கதவைத் தட்டுகிறாள், உள்ளே போகிறாள். தட்டியதை அவள் சொன்னாளா, நான் தட்டினேனா? போய்ச் சொன்னேன் என்றாளா, போய்ச் சொல்லணும் என்றாளா? இரண்டும் அவள் குரலிலேயே கேட்கிறது. எனக்குக் கேட்டதெல்லாம் நிஜம் என்று நம்பித்தானே இத்தனை வருடம் பிழைப்பு ஓடியது?

"தெரியல," என்றேன்.

என்னை அவள் பார்த்த பார்வையில் இருந்த ஏளனத்தை விவரிக்கப் போவதில்லை. விவரித்தால் அதிலும் ஏதாவது சேர்த்துவிடுவேன்.

"உங்களையும் நம்ப முடியாது. என்னையும் நம்ப முடியாது. சார நம்பவே முடியாது. மிச்சம் எட்டுப் பேர் இருக்காங்க. அவங்க யார் கதையும் கேட்டதில்ல."

கடைசித் தொகுதி மதியத்து எலிகள் எட்டு. சோதனை முடிந்த எலிகளைக் கொன்றுவிடுவது வழக்கம்; விசாரணை வந்ததால் இவற்றுக்கு அந்த உத்தரவு வரவில்லை. எலியம்மா தீனி வைத்துக்கொண்டிருந்தாள்.

எலியம்மா போய்ச் சொன்னதும், அன்று பகலிலேயே மாணவி குழுவுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். உங்கள் முன்னிலையில், நான்கு எலிகளை ஸ்பிரிட் பெட்டியில், நான்கை எலுமிச்சைப் பெட்டியில் விடுங்கள். நொடிகளை நான் குறிக்க வேண்டாம், நீங்களே குறியுங்கள். வேடிக்கை காட்டுகிற இடமா இது என்றாராம் பேராசிரியர். குழுத் தலைவருக்கு வேடிக்கை பிடிக்கும் போல. சரி என்றுவிட்டார்.

8

இப்போது முடிவு. மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒருவரைக் காவு கேட்கிறது. நீங்களே பாருங்கள்.

ஒன்று: எட்டும் உறைந்து நிற்கின்றன. அப்படியென்றால் எலுமிச்சை ஒரு பொருட்டே இல்லை, மதியத்து எலிகள் எப்போதும் உறைந்துதான் நின்றிருக்கின்றன, மாணவி பொய் எண் போட்டிருக்கிறாள். என் சந்தேகம் பலித்தது என்று நான் நாற்காலியில் சாய்ந்துகொள்ளலாம்.

இரண்டு: ஒன்றும் உறையவில்லை. மருந்து வேலை செய்கிறது. பேராசிரியர் சொன்னதெல்லாம் சரி. மாணவியும் தப்பிக்கிறாள். எலியம்மா மட்டும் நல்ல மனிதர்மேல் புட்டியையும் வாளியையும் போட்ட பொய்க்காரி.

மூன்று: ஸ்பிரிட் பெட்டியில் நான்கும் உறைகின்றன, எலுமிச்சைப் பெட்டியில் நான்கும் திரிகின்றன. பேராசிரியரின் விருது கழுவித் துடைக்கப்படுகிறது. அதோடு இரண்டு வருட ஆராய்ச்சியைத் துடைப்பத் தண்ணியால் கெடுத்த வேலைக்காரி யாரென்றும் அதே அறிக்கையில் வரும். "அவர்கிட்ட அப்பவே சொன்னேன்" என்று சொல்ல இப்போது அவளுக்கு வாய் இல்லை. அதை நான் பிடுங்கிவிட்டேன்.

உங்களுக்கு மூன்றாவதுதான் வேண்டும். எனக்குத் தெரியும். கர்வமுள்ளவன் விழ வேண்டும், பிறகு புத்தகத்தை மூடிவைத்துக் காப்பி குடிக்க வேண்டும். அவளுடைய பதினான்கு மாதம் உங்கள் காப்பியில் எங்கே தெரியப்போகிறது? அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வியாழக்கிழமை காலை சீருடையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனாள். வாசலில் நின்று என்னிடம் ஒன்று கேட்டாள். மூன்றாவதுதான் நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவா என்று. வேண்டாம் என்றேன். வேண்டிக்கொண்டால் அதுவும் பதிந்துவிடும்.

9

சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் திரும்பி வந்தாள். கூட மாணவியும் வந்தாள். நான் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் எழுதி வைத்திருந்ததைவிடக் குள்ளம். நாத்தனாரின் கைகளில் ஸ்பிரிட்டும் இருந்தது, எலுமிச்சையும் இருந்தது. அதிலிருந்து ஒன்றும் தெரியாது, இரண்டு பெட்டியையும் அவள்தானே துடைத்திருப்பாள். முகங்களைப் பார்க்க நான் நிமிரவில்லை.

"அண்ணி, கேளுங்க," என்று தொடங்கினாள்.

"சொல்லாத," என்றேன்.

இரண்டு பேரும் விழித்தார்கள். மேசையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துக் கொடுத்தேன். நீ சமையலறைக்குப் போ, நீ முன்னறையில் உட்கார், ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல் நடந்ததை எழுதுங்கள், தேதி போடுங்கள், கையெழுத்துப் போடுங்கள், மடித்து வையுங்கள், என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள் என்றேன். மாணவி உடனே புரிந்துகொண்டாள். நாத்தனாருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் என் தோளை லேசாகத் தட்டிவிட்டுப் போனாள், எலியை எடுக்கும்போது தட்டுவாளே, அந்த மாதிரி.

(எலியைத் தட்டுவாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்தக் கூடத்துக்குப் போனதே இல்லை. அடித்துவிடுகிறேன். தட்டினாள், அவ்வளவுதான்.)

இரண்டு அறைகளுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பேச்சுக்குக் காது கொடுத்தே பிழைத்தவளுக்கு அன்று கிடைத்தது இரண்டு பேனாக்கள் தாளில் உரசுகிற சத்தம். ஒன்று வேகமாக ஓடியது. மற்றது எழுத்துக்கூட்டி நகர்ந்தது. அதிலும் ஒரு பேச்சு இருக்கத்தான் செய்தது. எனக்குத்தான் சொல் பிடிபடவில்லை. பிடிபடாமல் இருப்பது நல்லது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

வேகமான பேனா முதலில் நின்றது. மெதுவான பேனா கொஞ்ச தூரம் தனியாகப் போய் அதுவும் நின்றது. சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"அண்ணி, எட்டுப் பேரையும் தனித்தனியா எழுதணுமா? இல்ல, மொத்தமா எழுதினாப் போதுமா?"

அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு என்னால் ஒரு முடிவைக் கட்டிவிட முடியும். உங்களுக்கும் இப்போது கை துறுதுறுக்கிறது.

"தனித்தனியா எழுது," என்றேன்.

பேனா மறுபடி நகரத் தொடங்கியது. எட்டு முறை நின்றது, எட்டு முறை போனது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று எண்ணாமல் இருக்க இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டேன்.

தாள்கள் இரண்டும் மடித்தபடி இந்தக் கதையின் கடைசிப் பக்கத்துக்கு அடியில் இருக்கின்றன. நான் பிரிக்கவில்லை. நீங்கள் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், யார் போனார், யார் மிஞ்சினார் என்று. ஒன்று மட்டும். வாய்விட்டுப் படிக்காதீர்கள். எனக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது.